மடக்கி உழுவதோடு முடிந்துவிடுமா?

பசுந்தாள் உரத்தைப் பற்றி வேளாண் கையேடுகள் சொல்லும் பாடம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைக்க வேண்டும், நாற்பது ஐம்பது நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும், மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். பாடத்தில் தவறில்லை. இதை விட்டால் வேறு வழியே இல்லை என்று அது நாளடைவில் இறுகிப்போனதுதான் தவறு. பச்சைத் தழையை அறுத்து மண்புழுத் தொட்டிக்குச் சுமப்பது வெட்டி வேலை என்கிறார்கள். சாணம் இல்லாமல் புழு பிழைக்காது, பச்சைத் தழையின் சூட்டில் வெந்து சாகும் என்கிறார்கள். அந்தத் தொட்டியில் உயிர்க்கரியும் (குச்சியையும் தண்டையும் குறைந்த காற்றில் சுட்டு எடுக்கும் கரி) கலக்கலாம் என்று யாராவது சொன்னால், காசைக் கரியாக்குகிற வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கரியில் சத்து ஏது, அதன் முனை புழுவின் தோலைக் கீறும், அதன் காரத்தன்மை புழுவைக் கொல்லும் என்று காரணமும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுகள் பயிற்சி முகாம்களிலும் உழவர் கூட்டங்களிலும் கேள்வியின்றி உலவுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் உண்மை உண்டு. அந்த உண்மையை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டியதால் எல்லாமே பொய்யாகிவிட்டன என்பது என் வாதம்.

இதைச் சோதிக்கப் பொருத்தமான இடம் புணேவுக்குத் தென்மேற்கே இருக்கும் கடக்வாஸ்லா. 1879இல் முத்தா நதியின் குறுக்கே அணை எழுந்த ஊர் அது. அணையில் நின்று மேற்கே பார்த்தால் சஹ்யாத்ரி மலை. முகட்டை ஒட்டிய கிராமங்களில் நான்கு மாதத்தில் 2,000, 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும். கிழக்கே புணே நகரத்தில் அது 700 அளவுக்கு இறங்கும். கால்வாய் ஓடும் தௌண்ட் பக்கம் போனால் 500 மில்லிமீட்டரே பெரிது. மேற்கே மலைச் சரிவின் மேட்டு நிலத்தில் ஜூனில் தழையை மடக்கி உழுதால் என்ன ஆகும்? இளம் பயறுவகைத் தழை சில வாரங்களிலேயே மட்கி, அதன் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும். அப்போது பயிருக்கு வேர் பிடித்திருக்காது. நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, மழை இழுத்துக்கொண்டு இறங்கும். அந்த நீர் போய்ச் சேரும் இடம் புணே மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கம். கிழக்கே மானாவாரி நிலத்தில் கதை நேர்மாறு. மழை தருவது ஒரே பருவம். சணப்புக்கு அதில் ஐம்பது நாள் கொடுத்தால், அது குடித்த ஈரம் பின்னால் வரும் பனிக்கால (ரபி) சோளத்துக்குக் கிடைக்காது. உழுது புதைத்த தண்டும் ஈரமில்லாமல் மட்காமல் கிடக்கும். ஒரு பக்கம் தண்ணீர் அதிகம், இன்னொரு பக்கம் போதாது. இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

மடக்கி உழுவது சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு, அது சேற்று நெல். காவிரிப் படுகைக்கு அது எவ்வளவு பொருந்துமோ அதே அளவுக்குப் புணேவுக்கு மேற்கே உள்ள மாவள், முல்ஷி பக்கத்து நெல் வயலுக்கும் பொருந்தும். மகாராஷ்டிரத்தில் நாராயண் சாவந்த் வகுத்த ‘சார்சூத்ரி’ என்ற நான்கு விதி நெல் சாகுபடியில் வரப்பில் வளர்த்த கிளைரிசிடியாத் தழையை நடவுக்கு முன் சேற்றில் மிதிப்பது ஒரு விதி. பாதி எரிந்து கறுத்த உமியை நாற்றங்காலில் இடுவது இன்னொரு விதியின் பகுதி. அதாவது கரியும் பசுந்தழையும் இந்த மண்ணின் நெல் விவசாயிக்குப் புதியவை அல்ல. ஆனால் நெல் வயலின் அனுபவத்தைத் தூக்கிக்கொண்டு போய் காய்கறிப் பாத்திக்கும், மாமரத்துக்கும், மேட்டுத் தினைக்கும் விதியாக்குவதை ஏற்க முடியாது. வரப்பிலும் வேலியிலும் நிற்கும் கிளைரிசிடியா நிலத்தையும் கேட்காது, பருவத்தையும் கேட்காது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டினாலும் மறுபடி தழைக்கும். அந்தத் தழையை உழ முடியாத மாதங்களில் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கையேட்டில் பதில் இல்லை. பதில் இல்லாததால் தழை ஆட்டுக்குப் போகிறது, இல்லையென்றால் காய்ந்து சருகாகிறது.

மண்புழுத் தொட்டிக்கு வருவோம். பச்சைத் தழையை அப்படியே கொட்டினால் தொட்டி கெடும் என்பது முழு உண்மை. கிளைரிசிடியா இலையின் காய்ந்த எடையில் தழைச்சத்து ஏறத்தாழ 3 விழுக்காடு, அதற்கு மேலும் போகும். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் பதினைந்தை ஒட்டியே இருக்கும். நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டியதை எடுத்தபின் மிஞ்சும் தழைச்சத்து அம்மோனியாவாக வெளியேறுகிறது. இரண்டாம் மூன்றாம் நாள் மேல் அடுக்கை விலக்கிப் பார்த்தால் நிலைமை தெரியும். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தோல்போலப் படிந்திருக்கும், இடையில் காற்றுப் போக வழியிருக்காது, விரலைச் செருகினால் சுடும், கண்ணில் எரிச்சல் வரும். புழுக்கள் நடுவை விட்டுவிட்டு ஓரச் சுவரில் கொத்துக் கொத்தாக ஏறி நிற்கும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும், ஒரு கிராம் கலவையில் அரை மில்லிகிராம் அம்மோனியா சேர்ந்தாலும் உரப்புழு தாங்காது. இதற்கு வழக்கமாகச் சொல்லும் பரிகாரம் சாணம்: தழைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ கலக்கச் சொல்கிறார்கள். உழவு மாடு போய் டிராக்டர் வந்த கிராமத்தில் அவ்வளவு சாணம் எங்கே இருக்கிறது? உள்ள சாணத்துக்கும் எருவும் எரிவாயுக் கலனும் போட்டி போடுகின்றன. தழை மிகுந்தும் சாணம் குறைந்தும் இருக்கிற ஊரில், சாணத்தை நம்பிய மண்புழு உரம் என்பது மாடுள்ளவருக்கு மட்டுமான உரம்.

கரி இங்கேதான் உள்ளே வருகிறது, அதுவும் சத்துப் பொருளாக அல்ல. கரியில் சத்தில்லை என்பவர்கள் அது செய்யாத வேலைக்காக அதைக் குறை கூறுகிறார்கள். ஒட்டிப் படியும் இலைகளுக்கு நடுவே பயறளவு கரித்துண்டுகள் இருந்தால் காற்றுக்கு வழி கிடைக்கிறது. இலையிலிருந்து கசியும் நீரை அவை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காயும்போது விடுகின்றன. கரியின் நுண்துளைகளும் அதன் மேற்பரப்பிலுள்ள அமிலக் கூறுகளும் அம்மோனியத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. பிடிபட்ட அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களுக்கும் அங்கேயே இடம் கிடைக்கிறது. இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் கிறிஸ்டோப் ஸ்டைனரும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கோழி எருவோடு 20 விழுக்காடு பைன் மரக்கரி சேர்த்து மட்கவைத்தபோது வெளியேறிய காற்றில் அம்மோனியாவின் செறிவு 64 விழுக்காடு வரை குறைந்தது, மொத்தத் தழைச்சத்து இழப்பு 52 விழுக்காடு வரை குறைந்தது. கோழி எரு வேறு, கிளைரிசிடியா வேறு என்று ஒருவர் சொல்லலாம். வேறுதான். ஆனால் இரண்டிலும் நோய் ஒன்று: கரிமத்தை மிஞ்சிய தழைச்சத்து காற்றில் பறப்பது. கோழி எரு அந்த நோயின் கடுமையான வடிவம். அங்கே வேலை செய்த மருந்து இங்கே குறைந்த அளவிலேயே வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அதனால்தான் 20 விழுக்காடு கேட்கவில்லை, காய்ந்த தழை எடையில் 5 முதல் 10 விழுக்காடு போதும் என்கிறேன்.

புழு சாகும் என்ற வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் அதற்கு ஆய்வுச் சான்றே காட்டுகிறார்கள். 2010இல் வந்த ஓர் ஆய்வில் கோழி எருவைச் சுட்டுச் செய்த கரியை அதிக அளவில் இட்டபோது, உரத் தொட்டிகளில் வழக்கமாக வளர்க்கும் ஐசீனியா புழுக்கள் இறந்தன, உண்மை. அதே ஆய்வில் பைன் மரச் சீவலிலிருந்து செய்த கரி புழுவுக்கு அப்படித் தீங்கு செய்யவில்லை என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். கொன்றது கரித்தன்மை அல்ல, கோழி எருக்கரியில் இருந்த உப்பும் சாம்பலும் அம்மோனியாவும் ஏறிய காரத்தன்மையுமே என்று தெரிகிறது. அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு இதைவிடப் பயனுள்ளது. ஆப்பிள் மரக்கரி கலந்த மண்ணைப் புழுக்கள் தவிர்த்து விலகின, ஆனால் அதே கரியை முன்கூட்டி நன்றாக நனைத்து இட்டபோது விலகவில்லை. காய்ந்த கரி சுற்றியிருக்கும் ஈரத்தை இழுக்கிறது, தோலால் மூச்சுவிடும் உயிருக்கு ஈரம் போனால் மூச்சே போகும். விஷயம் அவ்வளவுதான். ஊறவைக்காத கரியைக் கொட்டிவிட்டுக் கரி புழுவைக் கொல்லும் என்று முடிவுகட்டுவது, செய்முறையின் பிழையைப் பொருளின் மேல் ஏற்றுவது. போலந்தில் கழிவுநீர்ச் சேற்றோடு கரி கலந்து மட்கவைத்துப் புழு விட்ட சோதனையில் புழுவின் இனப்பெருக்கம் கூடியது. பிரெஞ்சு கயானாவின் மண்ணில் பொன்டோஸ்கோலெக்ஸ் என்ற புழு கரியை மண்ணோடு சேர்த்து விழுங்கி, அரைத்து, எச்சமாகக் கீழே கொண்டுபோவதைத் தோப்போலியான்ட்ஸும் போன்ஜும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே விவரித்திருக்கிறார்கள். அமேசானின் கரி செறிந்த கறுப்பு மண் உருவானதில் புழுவுக்கும் பங்குண்டு என்பது அவர்கள் கருத்து.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபணை வேதியியல் தெரிந்தவரிடமிருந்து வரும். கரி காரத்தன்மை உடையது, காரம் ஏறினால் அம்மோனியம் அம்மோனியாவாகி இன்னும் வேகமாகப் பறக்கும், ஆக கரி இழப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்பார். சாம்பல் மிகுந்த கரிக்கு இது அப்படியே பொருந்தும். கரும்புச் சோகைக் கரியும் உமிக்கரியும் சாம்பல் நிறைந்தவை, அடுப்புச் சாம்பலைச் சொல்லவே வேண்டாம். ஆகவே தொட்டிக்குத் தண்டுக்கரி, குச்சிக்கரியே முதல் தேர்வு. சோகைக் கரியைத் தவிர்க்க முடியாதென்றால் இருமுறை கழுவி, வடிந்த கார நீரைக் கொட்டிவிட்டுப் போட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயலுக்கு இடும் கரியைக் கோமியத்தில் ஊறவைப்பது நல்ல பழக்கம், அதையே புழுத் தொட்டிக்குச் செய்யக் கூடாது. கோமியத்தின் அம்மோனியா புழுவுக்கு நஞ்சு. தொட்டிக்குப் போகும் கரியை வெறும் நீரிலோ நீர்த்த சாணக் கரைசலிலோ ஊறவைத்தால் போதும். சாணம் முழுவதும் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. நுண்ணுயிர் விதையாகச் சிறிது சாணம் தேவை. பாதித் தொட்டியைச் சாணத்தால் நிரப்ப வேண்டிய கட்டாயத்தைத்தான் கரி நீக்குகிறது.

மகாராஷ்டிரத்திலிருந்தே இரண்டு வலுவான எதிர்க்குரல்கள் உண்டு. அமராவதிப் பகுதியின் இயற்கை வேளாண் பிரசாரகர் சுபாஷ் பாலேகர், ஐசீனியா அயல்நாட்டுப் புழு, மண்ணைத் துளைக்காது, அதைக்கொண்டு செய்யும் உரமே வேண்டாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ஐசீனியா மேற்பரப்பில் குப்பை தின்னும் புழு என்பது சரி. அதனால்தான் அதை வயலில் விடாமல் தொட்டியில் வைக்கிறோம். அயல் இனம் வேண்டாம் என்பவருக்கு நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் இருக்கிறது. சென்னை நியூ கல்லூரியில் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே உரமாக்கும் முறையைப் பரப்பிக் காட்டியிருக்கிறார். இனத் தேர்வு பற்றிய குறையை முறையின் மீதான தீர்ப்பாக்க வேண்டியதில்லை. இரண்டாவது குரல் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. புணேவின் ‘ஆர்த்தி’ என்ற ஊரகத் தொழில்நுட்ப நிறுவனத்தை உருவாக்கிய தாவரவியலாளர் ஆனந்த் கர்வே, மட்கிய உரம் என்பது ஆற்றல் தீர்ந்த எச்சில், மண் நுண்ணுயிருக்கு வேண்டியது சர்க்கரையும் மாவும் பச்சை இலையும் போன்ற ஆற்றல் மிகுந்த உணவு, ஆகவே மட்கவைக்காமல் நேரே மண்ணில் இடுங்கள் என்று வாதிட்டார். நுண்ணுயிரின் பசி பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் பச்சை இலையைத் தின்று பொங்கும் நுண்ணுயிர்க் கூட்டம் சில வாரத்தில் அடங்கும்போது விடுவிக்கும் தழைச்சத்தை எடுக்க அங்கே ஒரு வேர் இருக்க வேண்டும். ஜூலை மழையில் மேற்குச் சரிவில் அந்த வேர் இல்லை, ஏப்ரல் வெயிலில் கிழக்கு மேட்டில் நுண்ணுயிர் பொங்க ஈரமே இல்லை. நாம் தேடுவது ஒரு வேளைச் சாப்பாடு அல்ல, மழையைத் தாண்டியும் வெயிலைத் தாண்டியும் வைத்திருக்கக்கூடிய சேமிப்பு. கரி கலந்த புழு உரம் அதைத் தருகிறது.

கணக்குப் பார்க்கிறவர் கேட்கும் கேள்வியை நான் எளிதாகத் தாண்டிப் போக விரும்பவில்லை. ஒரு டன் பச்சைத் தழை காய்ந்தால் கால் டன். அதில் 3 விழுக்காடு என்றால் ஏழரைக் கிலோ தழைச்சத்து. அதில் பாதி பறந்துபோகும் என்று வைத்தாலும், கரி முழுவதையும் காப்பாற்றிவிடும் என்று வைத்தாலும், லாபம் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. யூரியாக் கணக்கில் எட்டு கிலோ. 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்கும் கீழே கிடைக்கும்போது எட்டு கிலோவின் விலை ஐம்பது ரூபாயைத் தாண்டாது. ஐம்பது ரூபாய்க்காகக் குச்சி சுட்டு, ஊறவைத்து, கலக்க வேண்டுமா? யூரியாவின் விற்பனை விலை அதன் உண்மை விலை அல்ல, மீதியை அரசு மானியமாகக் கட்டுகிறது என்பது ஒரு பதில். ஆனால் அது விவசாயியின் கணக்கில் வராத பதில். அவருக்கான பதில் வேறு. கரி காப்பது தழைச்சத்தை மட்டுமல்ல, தொட்டியையே. புழு செத்தால் ஒரு டன் தழையின் மணிச்சத்தும், சாம்பல் சத்தும், இரண்டு மாத உழைப்பும் நாறும் சேறாகிப் போகும். சாணம் விலைகொடுத்து வாங்குகிறவருக்கு மிச்சமாவது யூரியா விலையைப் பலமடங்கு தாண்டும். அத்துடன் பத்து விழுக்காடு கணக்கில் அந்தக் கால் டன் தழையோடு சேரும் 25 கிலோ கரி, யூரியாபோல ஒரு பருவத்தில் தீர்ந்துவிடாது. மண்ணில் பல பத்தாண்டுகள் நிற்கும்.

கரியை நேரே வயலில் போட்டால் போதாதா, நடுவில் புழு எதற்கு என்று கரியின் ஆதரவாளர்களே கேட்கிறார்கள். அவர்களையும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் கிளாடியா கம்மான் குழு 2015இல் வெளியிட்ட சோதனையில், ஏழ்மையான மணலில் புதுக்கரி இட்ட கினோவாச் செடியின் வளர்ச்சி, கரி இடாததில் 60 விழுக்காடாகக் குறைந்தது. அதே கரியை மட்குக் குவியலில் சேர்த்து எடுத்து இட்டபோது 305 விழுக்காடாக உயர்ந்தது. வித்தியாசம், மட்கும் காலத்தில் கரியின் துளைகளில் தங்கிய நைட்ரேட்டும் சத்துகளும். இரண்டு ஆண்டு கழித்து ஹாகெமன் குழு இன்னும் நெருங்கிப் பார்த்து, மட்கும்போது கரியின் மேல் ஒரு மெல்லிய கரிமப் படலம் படிவதையும் அதுவே சத்தையும் நீரையும் பிடிப்பதையும் காட்டியது. புதுக்கரி பசித்த கரி, பயிரின் தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அதன் பசியை வயலில் தீர்ப்பதைவிடத் தழைச்சத்து மிஞ்சி வழியும் தொட்டியில் தீர்ப்பதுதான் அறிவு. பச்சைத் தழைக்குத் தேவைப்படுவது பிடித்து வைக்கும் ஒன்று, கரிக்குத் தேவைப்படுவது பிடித்துக்கொள்ள ஒன்று. இரண்டையும் தனித்தனியே வயலுக்கு அனுப்பி இரண்டிலும் நட்டப்படுவது ஏன்?

காடு அழியும், புகை சூழும் என்ற அச்சத்துக்கும் பதில் அந்தத் தழையின் காம்பிலேயே இருக்கிறது. கிளைரிசிடியாக் கிளையை வெட்டினால் இலை மட்டுமா வருகிறது? விரல் தடிமன் குச்சியும் சேர்ந்தே வருகிறது. முற்றிய சணப்பிலும் தக்கைப்பூண்டிலும் தண்டு மரம்போல இறுகியிருக்கும், புழு அதைத் தொடாது. இலை தொட்டிக்கு, தண்டு சூளைக்கு. ஒரே செடி இரண்டையும் தரும்போது காட்டு மரத்தில் கைவைக்க வேண்டியதில்லை. கூம்பு வடிவில் ஒரு குழி தோண்டி, மேலிருந்து தீமூட்டி, அடுக்கடுக்காகக் குச்சி சேர்த்து, கடைசியில் நீர் ஊற்றி அணைத்தால் போதும். மேலே எரியும் சுடர், கீழிருந்து எழும் புகையை எரித்துவிடுகிறது. மேற்குக் கிராமங்களில் நாற்றங்காலில் கிளையும் சருகும் சாணமும் பரப்பிக் கொளுத்தும் ‘ராப்’ வழக்கம் தலைமுறை தலைமுறையாக உள்ளது. அதில் இலையின் தழைச்சத்து பெரும்பாலும் புகையாகிறது, மிஞ்சுவது சாம்பல். வெட்டும் உழைப்பை அங்கே ஏற்கெனவே செய்கிறார்கள், பிரித்துப் போடுவது மட்டுமே பாக்கி. கிழக்கே கடக்வாஸ்லாக் கால்வாய் நீரில் விளையும் கரும்பின் சோகையை அறுவடைக்குப் பின் வயலிலேயே கொளுத்துகிறார்கள். அந்தச் சோகையைக் கரியாக்கும் உலைக்காகத்தான் ஆர்த்திக்கு 2002இல் ஆஷ்டன் விருது கிடைத்தது. அந்தக் கரி அடுப்பெரிக்கப் போனது. அதில் ஒரு பங்கைக் கழுவித் தொட்டிக்குத் திருப்பலாம்.

எல்லா நிலத்திலும் ஒரே பலன் கிடைக்கும் என்று சொன்னால் நானும் கையேடு செய்த தவறையே செய்தவனாவேன். 2017இல் ஜெஃப்ரி குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கரியால் வெப்பமண்டலத்தில் சராசரி 25 விழுக்காடு விளைச்சல் கூடியது, குளிர்நாடுகளில் கூடவில்லை. காரணங்களில் முதன்மையானது வெப்பமண்டல மண்ணின் அமிலத்தன்மை. அப்படியானால் சஹ்யாத்ரிச் சரிவின் செம்மண்ணுக்குக் கரி பெரிதும் உதவும், கிழக்கே தௌண்ட், இந்தாபூர் பக்கத்துக் காரம் ஏறிய கரிசலில் கரி அமிலத்தைத் தணிப்பதால் கிடைக்கும் பலன் இருக்காது. அங்கே கரியின் வேலை தொட்டிக்குள் இருப்பது மட்டுமே. அதனால்தான் ஹெக்டேருக்குப் பத்து இருபது டன் கரி என்ற திட்டங்களை நான் நம்புவதில்லை. நேபாளத்தில் ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட் குழு ஹெக்டேருக்கு 750 கிலோ கரியைக் கோமியத்தில் ஊறவைத்துப் பூசணிக் குழியில் வேரடியில் வைத்து, கோமியம் மட்டும் இட்டதைவிட நான்கு மடங்கு விளைச்சல் எடுத்தது. சிறு அளவு, சத்தேறிய கரி, வேருக்கு அருகில்: தொட்டியிலிருந்து வரும் கரி கலந்த புழு உரம் இயல்பாகவே இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது.

வேளாண் துறையும் கல்லூரிகளும் இதை நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன். நான்கு தொட்டிகள் போதும்: தழை மட்டும், தழையும் சமபங்கு சாணமும், தழையும் சிறிது சாணமும் கரியும், அதே கலவையில் கரிக்குப் பதில் மரத்தூள். நான்காவது முக்கியம், ஏனென்றால் கிடைக்கும் பலன் வெறும் காற்றோட்டத்தாலா, கரியின் பிடிப்பாலா என்பதை அதுதான் பிரித்துச் சொல்லும். தழை போடும்போது ஒரு முறை, உரம் அள்ளும்போது ஒரு முறை மொத்தத் தழைச்சத்தை அளந்து, புழுவையும் அதன் முட்டைக்கூட்டையும் எண்ணினால் ஒரு பருவத்தில் விடை கிடைத்துவிடும். கரித்தொட்டி தோற்றால் அந்த எண்களையே கையேட்டில் அச்சிடட்டும். அதுவரை, மடக்கி உழு என்ற ஒற்றை வரிக்குக் கீழே, உழ இயலாத நிலத்துக்கும் மாதத்துக்கும் இன்னொரு வரி சேர்க்கப்பட வேண்டும்.